விளக்கு அணைந்ததா, அணைத்தார்களா? ஆன், ஆஃப் ஆங்கிலத்துக்கு ஓர் அரிச்சுவடி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் எந்தக் கடைக்குள் போய் ‘ஓப்பன் த ஃபேன்’ என்று சொன்னாலும் காத்தாடி சுற்றும். ‘குளோஸ் த லைட்’ என்றால் விளக்கு அணையும். மலாய்க்காரர்கள் ‘புக்கா லம்பு’, ‘துத்துப் லம்பு’ என்கிறார்கள். சீன மொழியிலும் விளக்கைத் திறப்பதும் மூடுவதும்தான். நம் வீடுகளிலும் ‘லைட்டத் தொற’, ‘காத்தாடிய அடை’ என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். மூன்று மொழிகளும் ஒரே மாதிரி பேசுகிற ஊரில் ஆங்கிலமும் அந்த வழிக்கே வந்துவிட்டதில் வியப்பில்லை. அப்படிப் பேசுகிறவரைப் பார்த்துச் சிரிப்பது தவறு என்றுதான் நான் என் மாணவர்களிடம் முதலில் சொல்வேன். அது பல மொழிகளைக் கேட்டு வளர்ந்தவரின் பேச்சு.

ஆனால் ஊர் எல்லையைத் தாண்டினால் இந்தப் பேச்சு கைகொடுப்பதில்லை. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் ஆங்கிலத் தாளில் மதிப்பெண் போகும். ஈப்போவிலோ பினாங்கிலோ ஓட்டல் வேலைக்குச் சேர்ந்தவர் வெளிநாட்டு விருந்தாளியிடம் ‘ஐ ஓப்பன் த ஏர்கான் ஃபார் யூ’ என்றால், ஏர்கானின் மூடியைக் கழற்றப் போகிறார் என்று அவர் நினைக்கலாம். செம்பனை ஆலையில் மின்சாரப் பக்கம் வேலைக்குப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய சிக்கல் காத்திருக்கிறது. உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதற்குக் கீழே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

மாலை நேரங்களில் இங்கே பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள், ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர்கள், பிள்ளைகள் வளர்ந்தபின் படிக்க வந்த அக்காமார்கள். இந்தப் பாடத்தைச் சொற்பட்டியலாகக் கொடுத்தால் அடுத்த வாரம் பாதி மறந்துபோகிறது. தமிழ் வழியாக உள்ளே நுழைந்தால் நிற்கிறது. காரணம், இந்தப் பாடத்தின் முக்கால் பங்கு நமக்கு ஏற்கெனவே தெரியும். தமிழ்ப்பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதுதான் இது.

‘விளக்கு அணைந்தது’ என்கிறோம். ‘விளக்கை அணைத்தேன்’ என்கிறோம். முதலாவதில் யார் செய்தது என்ற பேச்சே இல்லை. இரண்டாவதில் ஓர் ஆள் வந்து நிற்கிறார். மோட்டார் நின்றது, மோட்டாரை நிறுத்தினேன். வண்டி ஓடியது, வண்டியை ஓட்டினேன். எழுத்தறியாத பாட்டிகூட இதில் தடுமாற மாட்டார்.

ஆங்கிலத்திலும் இதே பிரிவு உண்டு. நாம் சொல்லுக்குள்ளே எழுத்தை மாற்றுகிறோம். அவர்கள் வினைச்சொல்லையே மாற்றுகிறார்கள். ஆள் ஒருவர் செய்தால் டர்ன் ஆன், டர்ன் ஆஃப். தானாக நடந்தது போலச் சொன்னால் கம் ஆன், கோ ஆஃப். ஆன், ஆஃப் என்ற வால் அப்படியே இருக்கும், தலை மாறும். நடந்து முடிந்ததைச் சொல்லும்போது டர்ன் என்பது டர்ன்ட் ஆகும், கம் என்பது கேம் ஆகும், கோ என்பது வென்ட் ஆகும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை பின்னாலேயே வரும்.

பழைய தோட்டத்து இரவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பு பல தோட்டங்களில் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்துதான் வந்தது. பொழுது சாய்ந்ததும் ஓட்டுவார்கள், இரவில் குறித்த நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். பத்து மணிக்கு நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். எஞ்சின் கொட்டகையில் இருந்தவர் மறுநாள் கிராணியிடம், அதாவது தோட்டத்துக் கணக்கரிடம், சொல்ல வேண்டியது: ‘ஐ டர்ன்ட் ஆஃப் த ஜெனரேட்டர் அட் டென்.’ நான் நிறுத்தினேன். அதே நேரம் லயத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை சொல்ல வேண்டியது: ‘த லைட்ஸ் வென்ட் ஆஃப் அட் டென்.’ விளக்குகள் அணைந்துபோயின. பத்தரைக்குத் தோட்டத்துப் பாதையில் நடந்து வந்தவர் பார்த்தது அணைப்பதையும் அல்ல, அணைவதையும் அல்ல. இருட்டாக இருப்பதை மட்டும்தான். அவர் வாக்கியம்: ‘த லைட்ஸ் ஆர் ஆஃப்.’

மூன்று பேர் சொல்வதும் உண்மை. ஒருவர் இடத்தில் இன்னொருவர் வாக்கியத்தைப் போட்டால்தான் கோளாறு. பிள்ளை ‘ஐ டர்ன்ட் ஆஃப் த லைட்ஸ்’ என்று சொன்னால் படிக்காமல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டதாக அர்த்தம்.

மாலையில் விளக்கு வருவதற்கும் இதே கணக்குதான். எஞ்சின்காரர் ‘ஐ டர்ன்ட் ஆன் த ஜெனரேட்டர்’ என்பார். லயத்தில் ‘த லைட்ஸ் கேம் ஆன்’ என்பார்கள். வந்து பார்த்தவர் ‘த லைட்ஸ் ஆர் ஆன்’ என்பார். இன்றைக்குத் தெருவிளக்குகள் இருட்டத் தொடங்கியதும் தாமாகவே எரிகின்றன. யாரும் போய்ப் போடுவதில்லை என்பதால் அவற்றுக்குக் கம் ஆன்தான் பொருத்தம்.

வயதில் மூத்தவர்களுக்கு 1996 ஆகஸ்ட் 3 நினைவிருக்கும். அன்று மாலை தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் போனது. திரங்கானுவில் பாக்கா மின்நிலையத்துப் பக்கம் மின்தடம் ஒன்று செயலிழந்தது. அதைத் தொடர்ந்து மற்ற மின்நிலையங்களும் வரிசையாக நின்றன. அன்று யாரும் சுவிட்சைத் தொட்டு அணைக்கவில்லை. ஆகவே ‘த பவர் வென்ட் அவுட்’. இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நாம் ‘கரண்ட் போயிருச்சு’ என்போம். ஆங்கிலத்தில் வீட்டு மின்சாரத்தைப் பவர் என்றோ எலக்ட்ரிசிட்டி என்றோ சொல்வதுதான் இயல்பு. அடுத்து, பவருக்கு ஆஃப், அவுட் இரண்டும் வரும். ‘வென்ட் ஆஃப்’ என்றாலும் புரியும், ‘வென்ட் அவுட்’ என்றாலும் புரியும். திரும்பி வந்தால் ‘த பவர் கேம் பேக் ஆன்’. ஊர் முழுக்கப் போனதைப் பிளாக்அவுட் என்கிறோம், அது சரியான ஆங்கிலமே. ஆனால் நம் ஒரு வீட்டில் மட்டும் மெயின் சுவிட்ச் விழுந்ததையும் பிளாக்அவுட் என்பது பழக்கமாகிவிட்டது. அதற்குச் சொல் வேறு, டிரிப். கீழே வருகிறது.

சரி, ஆள்தான் செய்தார். எந்தச் சொல்லைப் போடுவது, டர்ன்-ஆ, சுவிட்ச்-ஆ? சந்தேகம் வந்தால் டர்ன் போடுங்கள். அதுதான் அகலமான சொல். மின்சாரம் வருவதற்கு முன்பே தண்ணீர்க் குழாய்க்கும் எரிவாயு விளக்குக்கும் டர்ன் என்றே சொன்னார்கள், திருகித் திறப்பதும் அடைப்பதும் என்பதால். பின்னால் வந்த மின்விளக்கும் அதே சொல்லை வாங்கிக்கொண்டது. எனவே பைப்பும் டர்ன் ஆன், கேஸும் டர்ன் ஆன், டிவியும் டர்ன் ஆன். சுவிட்ச் ஆன் என்பது மின்சாரத்தில் ஓடுவதற்கும் எஞ்சினுக்கும்தான். ‘சுவிட்ச் ஆன் த டேப்’ என்று தண்ணீர்க் குழாயைச் சொல்ல முடியாது. பெட்ரோல் நிலையத்தில் ‘சுவிட்ச் ஆஃப் எஞ்சின்’ என்று பலகை பார்த்திருப்பீர்கள். அதற்கு எதிர்ச்சொல்லாகச் சுவிட்ச் ஆன் த எஞ்சின் என்றும் சொல்லலாம், ஆனால் ஸ்டார்ட் த எஞ்சின் என்பதுதான் வாய்க்கு வரும் வழக்கு.

நெருப்பென்று வந்துவிட்டால் டர்ன், சுவிட்ச் இரண்டும் ஒதுங்கிக்கொள்ளும். மெழுகுவர்த்தி, குத்துவிளக்கு, விறகடுப்பு எல்லாம் லைட் செய்யப்படுபவை. லைட் என்பது இங்கே விளக்கு என்ற பெயர்ச்சொல் இல்லை, ஏற்று என்ற வினைச்சொல். ‘ஷி லைட்ஸ் த லேம்ப் எவ்ரி ஈவினிங்’ என்றால் தினமும் மாலை விளக்கேற்றுகிறாள். அணைப்பதற்குப் புட் அவுட். வாயால் ஊதி அணைத்தால் புளோ அவுட். காற்றில் தானாக அணைந்தால் ‘த லேம்ப் வென்ட் அவுட்’. சுடருக்கு வென்ட் ஆஃப் வராது, வென்ட் அவுட் மட்டும்தான். கேஸ் அடுப்பில் இரண்டும் கலந்திருக்கிறது: திருகைத் திருப்புவது டர்ன் ஆன் த கேஸ், பற்றவைப்பது லைட் த ஸ்டவ், சமைத்து முடித்ததும் டர்ன் ஆஃப் த ஸ்டவ்.

நம் வீட்டில் சாமி விளக்கை ‘அணை’ என்று சொல்லமாட்டோம். ‘குளிர வை’ என்போம். தானாக அணைந்தால் ‘மலையேறிருச்சு’ என்போம். இந்த மரியாதையை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோக வழியில்லை. அங்கே சாமி விளக்கானாலும் சாதாரண மெழுகுவர்த்தியானாலும் புட் அவுட்தான். ஓர் அக்கா அப்படிச் சொல்ல மனம் வராமல் திணறியது எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் சொல்வதால் விளக்குக்கு அவமரியாதை இல்லை என்று சொன்னபின்தான் அவருக்கு நிம்மதி.

இனி வரிசை. ‘டர்ன் ஆஃப் த ஃபேன்’ என்றாலும் சரி, ‘டர்ன் த ஃபேன் ஆஃப்’ என்றாலும் சரி. ஆனால் ஃபேன் என்பதற்குப் பதிலாக இட் என்று போட்டால் இந்தச் சுதந்திரம் போய்விடும். ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டும்தான் சரி. ‘டர்ன் ஆஃப் இட்’ தவறு. பன்மைக்கும் அப்படியே: ‘டர்ன் தெம் ஆஃப்’. இதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், வாயில் பழக்கிக்கொள்வதே வழி. வீட்டில் ஒவ்வொரு சுவிட்சைத் தொடும்போதும் ‘டர்ன் இட் ஆன்’, ‘டர்ன் இட் ஆஃப்’ என்று முணுமுணுத்தால் ஒரு வாரத்தில் நாக்கு தானே சொல்லும்.

‘ஆஃப் த ஃபேன்’, ‘ஆன் த டிவி’ என்று ஆஃபையே வினைச்சொல்லாக ஆக்கிப் பேசுவது மலேசியா முழுக்க உண்டு. கூட்டாளிகளிடம் தாராளமாகப் பேசுங்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எழுதும்போது மட்டும் முன்னால் ஒரு டர்ன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சிலேயே எழுத்து இல்லாமல் ஒரு கோடும் ஒரு வட்டமும் மட்டும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆன் என்ற சொல்லும் ஆஃப் என்ற சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில், வட்டமான ஓ-வில், தொடங்குகின்றன. அதனால் வட்டத்தைப் பார்த்து ஆன் என்று நினைப்பவர்கள் நிறைய. அது எழுத்தே இல்லை, எண். கோடு 1, வட்டம் 0. ஒன்று என்றால் ஓடுகிறது, சுழி என்றால் ஓடவில்லை. உலகம் முழுக்க இதே குறிதான். ஆனால் சுவிட்சைத் தட்டும் திசை அப்படி இல்லை. நம் நாட்டில் கீழே தட்டினால் ஆன், பிரிட்டனிலும் அப்படியே. அமெரிக்காவில் மேலே தள்ளினால்தான் ஆன். அதனால் வெளிநாட்டவரிடம் ‘புஷ் டவுன்’ என்று வழி சொல்லாமல் ‘டர்ன் இட் ஆன்’ என்றே சொல்வது நல்லது.

நமது மூன்று கால் பிளக் போகும் சாக்கெட்டிலேயே ஒரு சுவிட்சும் இருக்கிறது. அதை அணைப்பதற்கு ‘சுவிட்ச் இட் ஆஃப் அட் த வால்’ என்று ஒரு நல்ல வழக்கு உண்டு. சுவரிலேயே அணைத்துவிடு என்பது. டிவியை ரிமோட்டில் அணைத்தால் அது முழுசாக அணைவதில்லை, சின்னச் சிவப்பு விளக்கோடு ஸ்டாண்ட்பையில் நிற்கும். இடி மின்னல் நேரத்தில் அம்மா ‘சுவிட்ச அடைச்சு வயரப் புடுங்கு’ என்று கத்துவார்களே, அதன் ஆங்கிலம் ‘சுவிட்ச் இட் ஆஃப் அட் த வால் அண்ட் அன்பிளக் இட்’.

மறந்துவிட்டு வந்ததைச் சொல்ல லீவ் என்ற சொல் வரும். ‘ஐ லெஃப்ட் த ஃபேன் ஆன்’ என்றால் காத்தாடியைப் போட்டபடியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றாடம் அதிகம் தேவைப்படுவது இந்த வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். பாதி வழியில் பஸ்ஸில் இருந்துகொண்டு வீட்டுக்குப் போன் போடும் எல்லாருக்கும் இது வேண்டும். இஸ்திரிப்பெட்டியில் ஒரு நுணுக்கம் உண்டு. சூடேறியதும் அதிலுள்ள சின்ன விளக்கு அணையும். இஸ்திரிப்பெட்டி அணைந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ‘த லைட் வென்ட் ஆஃப், பட் தி அயர்ன் இஸ் ஸ்டில் ஆன்.’ விளக்குக்கு ஒரு வினை, பெட்டிக்கு ஒரு நிலை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சரியாகச் சொல்ல வந்துவிட்டால் இந்தப் பாடத்தில் பாதிக்கு மேல் தாண்டிவிட்டீர்கள்.

இப்போது ஒரு பள்ளம். இதுவரை கோ ஆஃப் என்றால் நின்றுபோவது என்று சொன்னேன். அலாரத்துக்கு மட்டும் அது தலைகீழ். ‘தி அலார்ம் வென்ட் ஆஃப்’ என்றால் அலாரம் அடித்தது! சங்கு, சைரன், பட்டாசு, துப்பாக்கி எல்லாம் இந்தக் கூட்டம். திடீரென்று சத்தத்தோடு வெடித்துக் கிளம்புவதற்கும் கோ ஆஃப்தான். விடியற்காலை ஆலையில் சங்கு ஊதியது என்பது ‘த சைரன் வென்ட் ஆஃப்’. அலாரம் அடித்து ஓய்ந்ததைச் சொல்ல வேண்டுமானால் ‘தி அலார்ம் ஸ்டாப்ட்’ என்று போட்டுவிடுங்கள், குழப்பமே இராது. நாமே கையால் அமுக்கி நிறுத்தினால் பழையபடி ‘ஐ டர்ன்ட் ஆஃப் தி அலார்ம்’. ஆள் வந்தால் டர்ன் என்ற சட்டம் இங்கேயும் மாறவில்லை. பால் கெட்டுப்போனதற்கும் ‘த மில்க் ஹேஸ் கான் ஆஃப்’ என்பார்கள். அதைக் கேட்டால் விளங்கிக்கொள்ளும் அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

கூட்டுவது டர்ன் அப், குறைப்பது டர்ன் டவுன். வானொலிச் சத்தம், காத்தாடி வேகம், அடுப்புத் தீ எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஏர்கானுக்குப் போடாதீர்கள். டர்ன் அப் என்றால் குளிரைக் கூட்டுவதா, எண்ணைக் கூட்டுவதா என்று இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்வார்கள். ‘மேக் இட் கூலர்’, ‘மேக் இட் வார்மர்’ என்பது தெளிவு. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்து அணைந்தால் ‘மை ஃபோன் டைட்’ என்றே சொல்கிறார்கள், செத்துப்போச்சு என்று. பேசிக்கொண்டிருக்கும் அழைப்பை நாமே முடித்தால் ஹேங் அப்.

கேட்கும் மரியாதை பற்றியும் ஒரு வார்த்தை. முன்பின் தெரியாதவரிடம் ‘டர்ன் ஆஃப் த ஃபேன்’ என்று மொட்டையாகச் சொன்னால் அது கட்டளை. நாம் ‘கொஞ்சம் ஃபேன நிறுத்துறீங்களா’ என்று கேட்போமே, அதற்கு ஈடு ‘குட் யூ டர்ன் ஆஃப் த ஃபேன், பிளீஸ்?’ இதைவிடப் பணிவாக ‘வுட் யூ மைண்ட் டர்னிங் ஆஃப் த ஃபேன்?’ என்பார்கள். இதற்குச் சம்மதம் சொல்ல வேண்டியவர் ‘நோ, நாட் அட் ஆல்’ என்பார். மைண்ட் என்றால் உங்களுக்கு ஆட்சேபணையா என்பது கேள்வி. ஆட்சேபணை இல்லை என்பதால் நோ. ஓட்டல் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டும். விருந்தாளி நோ என்றதும் மறுத்துவிட்டார் என்று திரும்பி வந்துவிடக் கூடாது.

ஆலைக்குள் போவோம்.

செம்பனை ஆலையில் பழத்தின் நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்து நீராவி எடுக்கிறார்கள். அந்த நீராவி டர்பைனைச் சுற்றி ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தைத் தருகிறது. பிறகு அதே நீராவி பழக்குலைகளை வேக வைக்கப் போகிறது. ஒன்று நின்றால் இன்னொன்று நிற்கும். அதனால் எது, எப்போது, எப்படி நின்றது என்று ஷிப்ட் முடிந்ததும் எழுதி வைப்பது அங்கே சாதாரண வேலை இல்லை. என்னிடம் படித்த தம்பி ஒருவர் தம் ரிப்போர்ட்டில் ‘ஐ ஆஃப் த கன்வேயர்’ என்று எழுதிவிட்டார். அவர் சொல்ல வந்தது கன்வேயர் நின்றுபோச்சு என்பது. மேலாளர் படித்தது, இவர் நிறுத்தினார் என்பது. யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று விசாரணை. தமிழில் கேட்டிருந்தால் அந்தத் தம்பி ‘நிறுத்திட்டேன்’ என்று சொல்லியிருக்கவே மாட்டார். ‘நின்னுபோச்சு’ என்றுதான் வாயில் வந்திருக்கும். தெரிந்த வேறுபாடு ஆங்கிலத்தில் எழுதும்போது கைவிட்டுப் போனது. அவர் எழுதியிருக்க வேண்டியது ‘த கன்வேயர் ஸ்டாப்ட்’. ஷிப்ட் மாறி உள்ளே வரும்போதே நின்றிருந்தது என்றால் ‘த கன்வேயர் வாஸ் ஆஃப் வென் ஐ கேம் இன்’. இந்தக் கடைசி வாக்கியத்தை ஷிப்ட் பார்க்கிற ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். செய்யாத பழி மேலே விழாமல் அது காப்பாற்றும்.

மின்சாரத்தில் கோளாறு வந்து பிரேக்கர் தானாக விழுவது டிரிப். ‘த பிரேக்கர் டிரிப்ட்’, ‘த மோட்டார் டிரிப்ட்’. டிரிப் ஆனது என்றாலே யாரும் அணைக்கவில்லை, பாதுகாப்புக் கருவி தன் வேலையைச் செய்தது என்று பொருள். வீட்டில் மின்கசிவு வந்தால் இப்படி விழுவது ஈஎல்சிபி என்ற பாதுகாப்புக் கருவி. அதில் டி என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் விழ வேண்டும். விழவில்லை என்றால் கருவி கெட்டிருக்கிறது, உடனே வயர்மேனைக் கூப்பிடுங்கள். விழுந்ததை மறுபடி தூக்கிவிடுவது ரீசெட். தூக்கியதும் மீண்டும் விழுந்தால் ‘இட் கீப்ஸ் டிரிப்பிங்’, விழுந்துகொண்டே இருக்கிறது. வயர்மேனிடம் போனில் இதைச் சொன்னாலே அவருக்குப் பாதி விளங்கிவிடும். ஷட் டவுன் என்பது வேறு: பெரிய இயந்திரத்தையோ முழு ஆலையையோ கம்ப்யூட்டரையோ முறைப்படி, படிப்படியாக நிறுத்துவது. காத்தாடியை ஷட் டவுன் செய்ய முடியாது.

இப்போது நான் மேலே சொன்ன அந்தச் சிக்கல். மின்சாதனங்களைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ்மேன், வயரிங் வேலை செய்யும் வயர்மேன் ஆகியோருக்கான சான்றிதழை எனர்ஜி கமிஷன் தருகிறது. அந்தப் படிப்பில் முதல் பாடங்களில் ஒன்று சர்க்யூட். சுவிட்சுக்குள் இரண்டு உலோகத் துண்டுகள். ஒன்றோடொன்று தொட்டால் மின்சாரம் ஓடும். அப்படி வழி இணைந்து முழுமையாவதுதான் குளோஸ்ட். துண்டுகள் விலகி இடைவெளி விழுந்தால் மின்சாரம் நிற்கும். வழி அறுந்து திறந்துகிடப்பதுதான் ஓப்பன். ஆகவே மின்சாரத் தொழிலில் ‘ஓப்பன் த பிரேக்கர்’ என்றால் மின்சாரத்தை நிறுத்து. ‘குளோஸ் த பிரேக்கர்’ என்றால் மின்சாரத்தை விடு.

நம் ஊர்ப் பேச்சில் ஓப்பன் என்றால் போடு. தொழிலில் ஓப்பன் என்றால் நிறுத்து. நேர் எதிர். இதில் இன்னொன்றும் கலந்துகொள்கிறது: நீராவிக் குழாயின் வால்வுக்கு ஓப்பன் என்றால் உண்மையாகவே திறந்துவிடுவது, நீராவி பாயும். ஒரே கூரைக்குள் வால்வுக்கு ஒரு பொருள், பிரேக்கருக்கு எதிர்ப்பொருள். வயரின் மறுமுனையில் ஒருவர் கையை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும்போது, சுவிட்ச்போர்டு அருகில் நிற்பவர் ஊர்ப் பழக்கத்தில் ஓப்பன் என்பதைப் போடு என்று எடுத்துக்கொண்டாலோ, வேலை பார்ப்பவரே அணைக்கச் சொல்ல நினைத்துக் குளோஸ் என்று கத்தினாலோ என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் இந்தப் பாடத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதே இல்லை. தொழிலுக்குப் போகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வேன்: வீட்டுச் சாமானுக்கு ஓப்பன், குளோஸ் சொல்லும் பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். கதவுக்கும் வால்வுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கருக்கு யாராவது சொன்னால், கையை வைக்குமுன் ‘டு யூ மீன் சுவிட்ச் இட் ஆஃப்?’ என்று திருப்பிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

வார்த்தையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதற்காகவே லாக் அவுட் முறை இருக்கிறது. பழுது பார்க்கப் போகிறவர் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். பூட்டில் ஓர் அட்டை தொங்கும். இரண்டு பேர் வேலை பார்த்தால் இரண்டு பூட்டு. பூட்டியபின் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கி இயந்திரம் ஓடவில்லை என்றும், டெஸ்டரை வைத்து மின்சாரம் இல்லை என்றும் உறுதி செய்துகொண்டுதான் கை வைப்பார். அட்டையில் பெரும்பாலும் இருக்கும் வாசகம்: ‘டேஞ்சர். டு நாட் சுவிட்ச் ஆன்.’ ஆபத்து, சுவிட்சைப் போடாதே. அதன் கீழே பெயர், தேதி, என்ன வேலை என்று எழுத வேண்டும். ‘ஐ லாக்ட் அவுட் த மோட்டார்’ என்று தொடங்கினால் பூட்டியவர் யார் என்ற கேள்விக்கே இடமில்லை.

வேலை முடிந்ததும் பூட்டியவரே திறந்து, ரிப்போர்ட்டில் இப்படி எழுதலாம்: ‘ஐ ரிமூவ்ட் மை லாக் அண்ட் டர்ன்ட் த பவர் பேக் ஆன் அட் 3.40 பிஎம்.’ பேக் என்றால் மறுபடியும். இங்கே ‘த பவர் கேம் பேக் ஆன்’ என்று எழுதினால் மின்சாரம் தானாக வந்தது என்று ஆகிவிடும். பூட்டு தொங்கிய இடத்தில் அது தானாக வர வழியே இருக்கக் கூடாது.